இதர

கோபாலபுரம் செக்போஸ்ட்டைப் பஸ் தாண்டியபோது
பைக்குள் கிட்டுச்சாமியின் போன் ஒருதரம் அதிர்ந்தது.
கேரளத்திலேக்கு ஸ்வாகதம்.
அவனை எரித்து இருபத்தாறு நாளாகியிருந்தது.

பொள்ளாச்சியில் வாங்கிய சிம்.
வீடு இந்தப்பக்கம், கடைகண்ணி அந்தப்பக்கம்.
நாளைக்கு நாலுமுறை போவான், வருவான்.
நாலுமுறையும் வரவேற்பார்கள்.
"ஊட்டுக்குப் போறவனுக்கு எதுக்குடா ஆரத்தி" என்று
வண்டியில் இருந்தபடியே அழிப்பான்.

பில் மட்டும் சாகவில்லை. ஒன்பது பக்கம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு ரூபாய் இருபது காசு.
தவணை தப்பியதற்கு நூறு.
காலர் டியூன் முப்பது.
(என்ன பாட்டென்று அவனுக்கே தெரியாது.
கூப்பிடுகிறவர்களுக்குத்தானே கேட்கும்.)

மூன்றாம் பக்கத்தில் நான் இருக்கிறேன்.
பேராக இல்லை, பத்து இலக்கமாக.
ரோமிங், உள்வரும் அழைப்பு, பதினோரு நிமிடம்.
தீவனக் கடைப் பாக்கிக்காக அவனைக் கிழித்த நாள் அது.
கூப்பிட்டது நான், கட்டணம் அவனுக்கு.
எல்லைக்கு மேற்கே நின்று எடுத்தால்
கேட்கிறவனும் காசு தரவேண்டுமாம்.
நிமிடத்துக்கு ஒரு ரூபாய், என் வசவு.
பதினோரு நிமிடமும் "உம்" கொட்டிக்கொண்டிருந்தான்.
"வைக்கிறேன் அக்கா" என்று
ஒருதரம் சொல்லியிருக்கலாம்.

ஏழாம் பக்கம், பதினாலாம் தேதி.
காலை ஆறு பத்துக்கு மூச்சு நின்றது.
ஆறு நாற்பதிலிருந்து அழைப்புகள் இருக்கின்றன.
எடுத்தது நான், சித்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில்,
அவன் செருப்பு இருந்த கவரை மடியில் வைத்துக்கொண்டு.
"போயிட்டானுங்." ஒரு ரூபாய்.
"ஆமாங், காலைலதானுங்." ஒரு ரூபாய்.
வேலந்தாவளத்து மாட்டுத் தரகர் நம்பவேயில்லை.
"குடுக்க வேண்டியதுக்குப் பயந்து
அக்காளை உட்டுப் பேசச் சொல்றானா?"
மூன்று ரூபாய்.
பத்தொன்பது அழைப்பு, இருபத்துநான்கு ரூபாய்.
சாவுச்செய்தி சொன்ன செலவும்
அவன் கணக்கில்தான் ஏறியிருக்கிறது.

பொள்ளாச்சிக் கடைக்கு முதல் நடை போனபோது
"கஸ்டமரே நேர்ல வரணும் மேடம்" என்றான் அந்தப் பையன்.
சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.
இரண்டாம் நடை: வாரிசுச் சான்று மலையாளத்தில் இருந்தது,
மேலாபீசில் படிக்க ஆளில்லை.
மூன்றாம் நடைக்குக் கொழிஞ்சாம்பாறை வக்கீல்
பெயர்த்துக் கொடுத்த தாள்.
அதில் கிட்டுச்சாமி, கிட்டுஸ்வாமி ஆகியிருந்தான்.
பரவாயில்லை என்றார்கள்.

படிவத்தில் உறவு என்று ஒரு வரிசை.
மனைவி. மகன். மகள். தாய். தந்தை.
கடைசியில், இதர.
மனைவி ஒருத்தி மன்னார்க்காட்டில் இருக்கிறாள்.
ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.
கவரை உதறிப் பார்த்தேன், வேறு ஒன்றுமில்லை.
கொள்ளி வைக்கப் பங்காளி மகனுக்கு
வேட்டி எடுத்துக்கொடுத்துக் கூட்டிவந்தவள்
இதரவுக்கு நேரே டிக் போட்டேன்.

"செத்த தேதிக்கு அப்புறம் உள்ள வாடகையை வேணா
தள்ளுபடி பண்ணலாம் மேடம்.
பேசினதைப் பண்ண முடியாது."

பேசினதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி
நான் கேட்கவேயில்லை.

கட்டினேன். இருபது காசை விட்டுவிட்டான்.
சிம்மை நகத்தால் நெம்பி எடுத்து,
கத்தரியால் குறுக்கே நறுக்கி,
இரண்டு துண்டையும் என்னிடமே கொடுத்தான்.

சாயங்காலப் பஸ் கோழி லாரிகளுக்குப் பின்னால்
செக்போஸ்ட்டில் வெகுநேரம் நின்றது.
நகர்ந்ததும் பை அதிர்ந்தது.
பதறித் துழாவினேன். என்னுடையது.
ஸ்வாகதம்.
அதன் பின்னாலேயே தீவனக் கடைக்காரர்.
என் நம்பர் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று தெரியும்.

எல்லை தாண்டியாயிற்று, எடுத்தால் காசு.
எடுத்து
"உம்" என்றேன்.